கிளிக்குஞ்சு எங்கே கிடைக்கும்?

பெரும்போக அறுவடை நடக்கும் நாட்களில் எங்கள் ஊர் வட்டைகளுக்கு மேலாகப் பச்சைக் கிளிகள் கூட்டம் கூட்டமாகக் கீச்சிட்டுக்கொண்டு பறக்கும். அதைப் பார்க்கும் எந்த வீட்டுப் பிள்ளைக்கும் ஒரே ஆசைதான் வரும். "எங்களுக்கும் ஒரு கிளி வேணும். எங்க வாங்கலாம்?" சென்ற வருடம் என் தம்பிக்கும் அந்த ஆசை வந்தது. அவனுக்கு அப்போது ஒன்பது வயது. வாப்பாவிடம் கேட்கப் பயந்து என்னிடம் கேட்டான். உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் ராத்தாவுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்பது அவனுடைய நம்பிக்கை. அந்த நம்பிக்கை எனக்கும் கொஞ்சம் இருந்தது என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

"கிளி எங்கே கிடைக்கும்?" என்ற கேள்விக்கு அன்று எனக்குத் தெரிந்த பதில் ஒன்று. இன்று தெரிந்த பதில் வேறு. இரண்டுக்கும் இடையில் ஓர் உயிர் போயிருக்கிறது. கிளி வளர்க்க விரும்பும் தோழிகளுக்கும், பிள்ளைகள் கேட்டதை வாங்கிக் கொடுக்க நினைக்கும் பெற்றோருக்கும் இது பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

பெட்டிக்குள் மூன்று குஞ்சுகள்

ஏப்ரல் விடுமுறையில் ஒருநாள் வாப்பாவுடன் ஓட்டோவில் வந்துகொண்டிருந்தோம். பிரதான வீதியோரம் ஒரு சிறுவன் காட்போட் பெட்டியொன்றை வைத்துக்கொண்டு நின்றான். பெட்டிக்குள் வைக்கோலின் மேல் மூன்று கிளிக்குஞ்சுகள். இறகு சரியாக முளைக்கவில்லை. கண்கள் மட்டும் திறந்திருந்தன. தலையைத் தூக்கி வாயைத் திறந்து திறந்து மூடின.

வாப்பா முதலில் வேண்டாம் என்றுதான் சொன்னார். "இது பிழைக்குமா?" என்று கேட்டார். "நான் வளர்ப்பேன் வாப்பா, எனக்குத் தெரியும்" என்று சொன்னவள் நான்தான். தம்பி என் கையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தான். ஒரு குஞ்சை வாங்கினோம்.

வீட்டுக்கு வந்ததும் மூத்தம்மா பெட்டிக்குள் எட்டிப் பார்த்தா. "என்ன மகள் இது, தாய்க்கிட்ட இருந்து புடுங்கின குஞ்செல்லோ" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டா. நாங்கள் அதைக் காதில் வாங்கவில்லை.

எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். பாலில் பாணை ஊறவைத்துக் கொடுத்தேன். சோற்றைக் குழைத்துக் கொடுத்தேன். முதல் இரண்டு நாள் ஆவலோடு உண்டது. மூன்றாம் நாள் கழுத்துக்குக் கீழே பை போல வீங்கியது. நான்காம் நாள் வாயைத் திறக்கவில்லை. மிருக வைத்தியரிடம் கொண்டு போனோம். ஐந்தாம் நாள் சுபஹுத் தொழுகைக்கு எழுந்தபோது அது பெட்டியின் மூலையில் குளிர்ந்து கிடந்தது.

தம்பி அழவில்லை. வளவில் குழி தோண்டும்போது மட்டும் கேட்டான்: "ராத்தா, இதுட உம்மா இதத் தேடுமா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தப் பதிலைத் தேடித்தான் படிக்கத் தொடங்கினேன்.

அந்தக் குஞ்சு எங்கிருந்து வந்தது?

இலங்கையில் காட்டில் வாழும் கிளி இனங்கள் ஐந்து. நாம் அதிகம் காண்பது கழுத்தில் சிவப்பு வளையம் உள்ள சாதாரண பச்சைக்கிளி. அந்த வளையம் ஆணுக்கு மட்டுமே உண்டு. அதைவிடப் பெரியது, தோளில் சிவப்புத் திட்டும் பெரிய சிவந்த சொண்டும் உள்ள அலெக்சாந்திரைன் கிளி. சிங்களத்தில் இதை 'லபு கிரவா' என்பார்கள். மூன்றாவது ஆணின் தலை கத்தரிப்பூச் சிவப்பாக இருக்கும் கிளி. நான்காவது சாம்பல் நீலத் தலையுள்ள லேயார்ட் கிளி. ஐந்தாவது உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் சிறிய தொங்கும் கிளி. அது இரவில் கிளையில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு உறங்கும். கடைசி இரண்டும் உலகில் வேறெங்கும் இல்லை. இலங்கைக்கே உரியவை.

எங்கள் பெட்டியில் இருந்தது அலெக்சாந்திரைன் குஞ்சு என்று வைத்தியர் சொண்டைப் பார்த்துச் சொன்னார். பேசப் பழக்கலாம் என்பதால் அதிகம் பிடிபடுவதும் இந்த இனம்தான். ஆசிய நாடுகள் பலவற்றில் இப்படிப் பிடிக்கப்பட்டதாலும் காடு அழிந்ததாலும், உலக அளவில் இது அச்சுறுத்தலை நெருங்கிய இனமாகப் பட்டியலிடப்பட்டுள்ளது.

இங்கே ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். காகம் போலவோ தூக்கணாங்குருவி போலவோ கிளி கூடு கட்டுவதில்லை. மரப்பொந்தில்தான் முட்டையிடும். பெரும்பாலும் அந்தப் பொந்து மரங்கொத்தி போன்ற வேறு பறவை முன்பு குடைந்ததாகவோ, கிளை முறிந்து உக்கிய இடத்தில் தானாக உண்டானதாகவோ இருக்கும். கிளி அதைக் கொஞ்சம் பெரிதாக்கிக்கொள்ளும். அவ்வளவுதான். மொட்டைத் தென்னையும் மொட்டைப் பனையும் முதிர்ந்த காட்டுமரமும்தான் அதற்கு வீடு. பொந்து எல்லா மரத்திலும் கிடைப்பதில்லை. அதனால் ஒரே பொந்துக்கு வருடா வருடம் திரும்பி வரும். அலெக்சாந்திரைன் கிளி வருடத்தில் ஒரு தடவை இரண்டு முதல் நான்கு முட்டை இடும். மூன்று வாரத்துக்கு மேல் அடைகாக்கும். அதன் பிறகு குஞ்சுகள் பறக்க ஏறத்தாழ ஏழு வாரம் ஆகும். அவ்வளவு காலமும் தாயும் தந்தையும் உணவைத் தம் தொண்டைப் பையில் கொண்டுவந்து ஊட்டும்.

ஒருவர் ஏறி அந்தப் பொந்தில் கையை விட்டால் அந்தச் சோடியின் ஒரு வருடம் முழுவதும் போய்விடுகிறது. ஏற முடியாத மரமென்றால் சிலர் மரத்தையே வெட்டிச் சாய்ப்பார்கள். அப்போது போவது ஒரு வருடம் மட்டுமல்ல, இனி வரப்போகும் எல்லா வருடங்களும்தான்.

மூத்தம்மாவிடம் இதைச் சொன்னேன். அவ சின்ன வயதில், வயல் வாடிக்குப் பக்கத்தில் ஒரு மொட்டைப் பனை நின்றதாம். வருடா வருடம் அதில் கிளி குஞ்சு பொரிக்குமாம். யாரோ குஞ்சுக்காக அதைத் தறித்துப் போட்டார்களாம். "அதுக்குப் பொறகு ரெண்டு கிளியும் வந்து வந்து அந்த இடத்தச் சுத்திச் சுத்திப் பறந்திச்சு மகள். மரமில்லாத இடத்தச் சுத்திப் பறந்திச்சு" என்றா. தம்பியின் கேள்விக்குப் பதில் எங்கள் வீட்டிலேயே இருந்திருக்கிறது. பெட்டியைப் பார்த்த அன்றே மூத்தம்மா அதைத்தான் சொல்லியிருக்கிறா.

ஏன் இறந்தது?

நான் கெட்ட எண்ணத்தோடு ஒன்றும் செய்யவில்லை. தெரியாமல் செய்தேன். என்ன பிழை விட்டேன் என்று வைத்தியர் ஒவ்வொன்றாக விளங்கப்படுத்தினார்.

முதலாவது, பறவைக்குப் பால் கூடாது. பால் முலையூட்டிகளின் உணவு. பாலிலுள்ள இலக்ரோசு வெல்லத்தைச் சமிக்கச் செய்யும் நொதியம் பறவையின் உடலில் இல்லை. பால் உள்ளே கிடந்து புளித்துவிடும்.

இரண்டாவது, சூடு. இறகு முளைக்காத குஞ்சு தன் உடம்பைத் தானே சூடாக வைத்திருக்க முடியாது. பொந்துக்குள் தாயின் உடம்பும் மற்றக் குஞ்சுகளின் உடம்பும் சேர்ந்து அந்தச் சூட்டைக் கொடுக்கும். தனியாக, காற்று வரும் யன்னலோரப் பெட்டியில், அது இரவு முழுவதும் குளிர்ந்திருக்கிறது. உடம்பு குளிர்ந்தால் உணவு சமிக்காது. தொண்டைப் பையிலேயே தேங்கி நிற்கும்.

மூன்றாவது, அளவும் நேரமும். கொஞ்சம் கொஞ்சமாக, முதல் உணவு இறங்கிய பிறகு அடுத்ததைக் கொடுக்க வேண்டும்.

இந்த மூன்றாவது காரணத்தில் நான் இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்று இருக்கிறது. மூன்றாம் நாள் பின்னேரம் எனக்கு இரசாயனவியல் வகுப்பு இருந்தது. இடையில் வந்து ஊட்ட முடியாது என்று நினைத்து, இரண்டு வேளைக்குரியதை ஒரே வேளையில் ஊட்டிவிட்டுப் போனேன். அது வேண்டாம் என்று தலையைத் திருப்பியது. பசி தெரியாமல் திருப்புகிறது என்று நினைத்து இன்னும் ஊட்டினேன். வகுப்பு முடிந்து வந்து பார்த்தபோதுதான் கழுத்து வீங்கியிருந்தது. அந்தக் குஞ்சு இறந்ததற்குப் பாலும் குளிரும் காரணம் என்று தம்பியிடம் சொன்னேன். என் அவசரமும் ஒரு காரணம் என்று சொல்லவில்லை. இந்தச் சஞ்சிகை வீட்டுக்கு வரும்போது அவன் வாசிப்பான். அதற்கு முன்பே அவனிடம் நேரில் சொல்லிவிட வேண்டும் என்றிருக்கிறேன்.

சட்டமும் மார்க்கமும் சொல்வது

1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் நம் நாட்டில் பல தடவை திருத்தப்பட்டு இன்றும் நடைமுறையில் உள்ளது. அட்டவணையில் பெயர் குறித்து விலக்களிக்கப்பட்ட சில பறவைகளைத் தவிர, காட்டில் வாழும் எல்லாப் பறவைகளுக்கும் அது பாதுகாப்பு அளிக்கிறது. அவற்றைப் பிடிப்பதும், முட்டையையோ குஞ்சையோ எடுப்பதும், விற்பதும் குற்றம். விற்றவர் மட்டுமல்ல, வைத்திருப்பவரும் பதில் சொல்ல வேண்டிவரும். எங்கள் கையில் இருந்த குஞ்சும் அப்படிப் பாதுகாக்கப்பட்ட இனம்தான் என்பதை அறிந்தபோது வாப்பாவின் முகம் வாடிப்போனது. சந்தேகமிருந்தால் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அருகிலுள்ள அலுவலகத்தில் கேட்டறியலாம். வாங்கிய பிறகு கேட்பதைவிட வாங்க முன் கேட்பது நல்லது.

மார்க்கமும் இதில் தெளிவாக இருக்கிறது. பறவை வளர்ப்பதே கூடாது என்று இஸ்லாம் சொல்லவில்லை. அபூ உமைர் என்ற சிறுவர் ஒரு சின்னக் குருவியை வைத்திருந்ததும், நபி (ஸல்) அவர்கள் அந்தக் குருவியைப் பற்றி அவரிடம் அன்போடு விசாரித்ததும் ஹதீஸில் வருகிறது. நன்றாகப் பராமரிப்பதாயின் பறவை வளர்க்கலாம் என்பதற்கு அறிஞர்கள் இதை ஆதாரமாகக் காட்டுவார்கள். ஆனால் இன்னொரு ஹதீஸும் இருக்கிறது. பிரயாணமொன்றில் தோழர்கள் ஒரு பறவையின் இரண்டு குஞ்சுகளை எடுத்துவிட்டார்கள். தாய்ப் பறவை வந்து சிறகடித்துத் தவித்தது. அதைக் கண்ட நபியவர்கள், குஞ்சுகளைப் பறித்து இதை வேதனைப்படுத்தியவர் யார் என்று விசாரித்து, அவற்றைத் தாயிடமே திருப்பிக் கொடுக்கும்படி சொன்னார்கள். அபூதாவூதில் பதிவான செய்தி இது. பூனையைக் கட்டிவைத்துப் பட்டினி போட்ட பெண்ணின் செய்தியை நாம் எல்லோரும் மத்ரஸாவில் கேட்டிருக்கிறோம். இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் கேட்க வேண்டிய கேள்வி இரண்டு. இந்தப் பறவை எப்படி என் கைக்கு வந்தது? வந்த பிறகு நான் அதை எப்படி வைத்திருக்கப் போகிறேன்?

அப்படியானால் எங்கே வாங்குவது?

காட்டிலிருந்து பிடிக்கப்படாமல், தலைமுறை தலைமுறையாகக் கூட்டிலேயே பொரித்து வளர்க்கப்படும் கிளி இனங்கள் இருக்கின்றன. நம் ஊர்களில் 'லவ் பேர்ட்ஸ்' என்று நாம் பெரும்பாலும் அழைப்பது உண்மையில் பட்ஜரிகர் என்ற அவுஸ்திரேலியச் சின்னக் கிளி. 1840இல் ஜோன் கோல்ட் என்ற பறவை ஆய்வாளர் அதை உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். அதன் பிறகு உலகம் முழுவதும் வீடுகளில் பெருகியது. உண்மையான லவ் பேர்ட் ஆபிரிக்காவைச் சேர்ந்த, கொஞ்சம் பருத்த, வால் குட்டையான கிளி. தலையில் கொண்டையோடு இருக்கும் கொக்கட்டீல் அவுஸ்திரேலியாவைச் சேர்ந்தது. முதன்முதலாக வளர்ப்பவர்களுக்கு இந்த மூன்றும்தான் பொருத்தம்.

இவற்றைப் பெற நல்ல வழிகள் மூன்று.

முதலாவது, வீட்டிலேயே பொரிக்கவைத்து வளர்ப்பவர்கள். எல்லா ஊரிலும் இப்படி ஒருவராவது இருப்பார். இவரிடம் போவதில் பெரிய நன்மை, குஞ்சின் தாயையும் தந்தையையும் பொரிப்புப் பெட்டியையும் நம் கண்ணாலேயே பார்க்கலாம். காட்ட மறுத்தால் வாங்காமல் திரும்பிவிடுங்கள். சிலர் குஞ்சின் காலில் மூட்டில்லாத முழு வளையம் போட்டிருப்பார்கள். குஞ்சு பிறந்து சில நாட்களுக்குள், கால் சிறிதாக இருக்கும்போதுதான் அதை மாட்ட முடியும். வளர்ந்த பறவைக்கு மாட்ட இயலாது. ஆகவே அந்த வளையம் இது கூட்டில் பிறந்தது என்பதற்கு நல்ல அத்தாட்சி.

இரண்டாவது, வளர்க்க முடியாமல் போனவர்கள். வெளிநாடு போகும் குடும்பங்கள், வீடு மாறுபவர்கள், பிள்ளைகள் பல்கலைக்கழகம் போய்விட்டவர்கள் கூட்டோடு பறவையைக் கொடுக்க ஆள் தேடுவார்கள். அயலிலும் உறவினரிடமும் விசாரித்தால் பெரும்பாலும் கிடைக்கும். இதில் ஒரு பறவைக்கு வீடு கொடுத்த நன்மையும் சேர்கிறது.

மூன்றாவது, செல்லப்பிராணிக் கடை. கடையில் நின்று பத்து நிமிடம் சும்மா பார்க்க வேண்டும். ஒரே கூட்டில் நெருக்கி அடைத்திருக்கிறார்களா? தண்ணீர் சுத்தமா? எத்தனை பறவை இறகை உப்பவைத்துக்கொண்டு மூலையில் இருக்கிறது? நோயுள்ள பறவை ஒன்றைக் கண்டால் பக்கத்தில் நன்றாக இருப்பதையும் வாங்காதீர்கள். இரக்கப்பட்டு நோய்ப் பறவையை வாங்குவதும் சரியல்ல. விற்ற இடத்தில் இன்னொன்று வந்து நிற்கும்.

எங்கே போனாலும் பார்க்க வேண்டியவை இவை. கண் தெளிவாகத் திறந்திருக்க வேண்டும். மூக்குத் துவாரம் காய்ந்திருக்க வேண்டும். மூச்சுக்கு வால் மேலும் கீழும் ஆடக்கூடாது. வாலுக்குக் கீழே இறகு சுத்தமாக இருக்க வேண்டும். தடியை இரண்டு காலாலும் இறுகப் பிடிக்க வேண்டும். கிளியின் காலில் இரண்டு விரல் முன்னுக்கும் இரண்டு விரல் பின்னுக்கும் இருக்கும். எல்லா விரலும் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். எல்லாவற்றையும் விட முக்கியம், அது தானாகத் தானியம் கொத்தித் தின்பதை உங்கள் கண்ணால் பார்க்க வேண்டும். "கையால ஊட்டினா நல்லாப் பழகும்" என்று சொல்லி ஊட்டுகிற வயதுக் குஞ்சைத் தருவார்கள். ஏற்க வேண்டாம். பட்ஜரிகர் ஆறு ஏழு வாரத்திலும், கொக்கட்டீல் எட்டு முதல் பத்து வாரத்திலும் தானாக உண்ணும். அந்த வயதில் வாங்கினாலும் நன்றாகவே பழகும்.

பேசும் பெரிய ஆபிரிக்கச் சாம்பல் கிளி வேண்டும் என்று சில தோழிகள் ஆசைப்படுகிறார்கள். 1977இல் ஐரின் பெப்பர்பெர்க் என்ற ஆய்வாளர் சிக்காகோவில் கடையொன்றில் வாங்கிய அலெக்ஸ் என்ற சாம்பல் கிளி நிறத்தையும் வடிவத்தையும் எண்ணிக்கையையும் சொல்லப் பழகியது. 2007இல் இறக்கும்வரை அதனுடன் அவர் ஆய்வு செய்தார். அந்தப் புகழ் அந்த இனத்துக்கு நன்மை செய்யவில்லை. ஆபிரிக்கக் காடுகளில் அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டதால், 'சைட்டீஸ்' எனப்படும் சர்வதேச வர்த்தக உடன்படிக்கையின் மிகக் கடுமையான முதலாம் பின்னிணைப்பில் 2016இல் அது சேர்க்கப்பட்டது. இலங்கை 1979 முதல் அந்த உடன்படிக்கையில் இருக்கிறது. ஆகவே பத்திரம் இல்லாத வெளிநாட்டுக் கிளியை யாரிடமும் வாங்கக்கூடாது. பத்திரம் இருந்தாலும் ஒன்றை நினைவில் வையுங்கள். அந்தக் கிளி நாற்பது, ஐம்பது வருடம் வாழக்கூடியது. பதினேழு வயதில் வாங்கினால் நமக்குப் பேரப்பிள்ளை பிறக்கும்போதும் அது இருக்கும்.

வாங்க முன் வீட்டில் பேச வேண்டியவை

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பறவையின் விலையை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். கூடு, தானியம், வைத்தியச் செலவு எல்லாம் தொடர்ந்து வரும். பட்ஜரிகர் ஐந்து முதல் பத்து வருடமும் கொக்கட்டீல் பதினைந்து வருடத்துக்கு மேலும் வாழும். பிள்ளைக்குப் பரீட்சை வரும்போது கூட்டை யார் கழுவுவது என்பதை வாங்க முன்பே பேசிவிடுங்கள். எங்கள் வீட்டில் அதைப் பேசவில்லை. அதன் விளைவை மேலே எழுதிவிட்டேன்.

கூடு உயரத்தைவிட அகலமாக இருக்க வேண்டும். பறவை நேராகத்தான் பறக்கும், லிப்டில் போவது போல மேலே ஏறாது. இரண்டு சிறகையும் விரித்தாலும் எங்கும் முட்டாத இடம் வேண்டும். ஒரே மொத்தமான தடியைப் போடாமல் கொய்யாக் கிளைகளை வெட்டிக் கழுவிப் போட்டால் காலுக்கும் நல்லது, கொறிக்கவும் உதவும். தானியம் மட்டும் கொடுத்தால் விற்றமின் ஏ குறைபாடு வரும். குரக்கன், தினையோடு பொன்னாங்காணி, கங்குன், கரட், கொய்யா, பிஞ்சுச் சோளன் ஆகியவற்றையும் கொடுக்க வேண்டும். ஆனைக்கொய்யா, சொக்லேட், தேயிலை, கோப்பி ஆகியவை கூடவே கூடாது. ஆனைக்கொய்யா கிளிக்கு நஞ்சு.

பறவையின் சுவாசம் நம்முடையதைப் போன்றதல்ல. நுரையீரலோடு காற்றுப் பைகளும் சேர்ந்து, காற்று ஒரே திசையில் ஓடிக்கொண்டிருக்கும். அதனால் காற்றிலுள்ள நஞ்சும் நம்மைவிட விரைவாக அதைத் தாக்கும். குசினிக்குள் கூட்டை வைக்கக்கூடாது. ஒட்டாத தாச்சி அளவுக்கு மீறிச் சூடானால் வரும் புகை நமக்குத் தெரியாமலே பறவையைச் சில நிமிடத்தில் கொன்றுவிடும். நுளம்புச் சுருளும், வெள்ளி இரவு நாம் போடும் சாம்பிராணியும் கூட்டிலிருந்து தூரத்தில் இருக்கட்டும்.

நம் பாதுகாப்பும் முக்கியம். கிளிகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் 'சித்தகோசிஸ்' என்ற கிளிக் காய்ச்சல் உண்டு. 1929, 1930இல் தென்னமெரிக்காவிலிருந்து கப்பலில் போன கிளிகளால் பல நாடுகளில் அது பரவியது. காய்ந்த எச்சத்தின் தூசியைச் சுவாசிப்பதால் தொற்றும். கூட்டைக் கூட்டித் தூசி எழுப்பாமல் தண்ணீர் தெளித்து நனைத்துக் கழுவ வேண்டும். பின்னர் சவர்க்காரம் போட்டுக் கைகழுவ வேண்டும். பறவை வளர்க்கும் வீட்டில் யாருக்காவது காய்ச்சலும் இருமலும் வந்தால், வீட்டில் கிளி இருப்பதை வைத்தியரிடம் சொல்லுங்கள். சொன்னால்தான் அவர் அந்த நோயை நினைப்பார். மருந்து கொடுத்தால் சுகமாகும்.

அந்தச் சிறுவன்

பெட்டியோடு நின்ற சிறுவனை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. தம்பியைவிட ஒன்றிரண்டு வயது கூட இருக்கும். காலில் மரம் ஏறிய கீறல்கள். விடுமுறையில் வீட்டுக்கு உழைத்துக் கொடுக்கிறான் போலும். அவனைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாங்குவதற்கு நாங்கள் இருந்ததால்தான் அவன் ஏறினான். நாங்கள் கொடுத்த காசு அவனுக்கு அடுத்த பொந்தைக் காட்டியிருக்கும். ஒரு குஞ்சையாவது காப்பாற்றுவோம் என்று நினைத்துத்தான் வாங்கினேன். ஆனால் ஒன்றை வாங்கியதால் இன்னும் மூன்றை இறக்க வைத்திருப்பேன்.

இப்போது எங்கள் வீட்டில் இரண்டு பட்ஜரிகர் இருக்கின்றன. கட்டாருக்குப் போன பக்கத்துத் தெருக் குடும்பமொன்று கூட்டோடு தந்தது. ஆறு மாதமாக நானும் தம்பியும் முறைவைத்துக் கூடு கழுவுகிறோம். என் பரீட்சை மாதங்களில் உம்மா கழுவுவதாக முன்பே ஒத்துக்கொண்டிருக்கிறா. அவை பேசுவதில்லை. பேசாவிட்டாலும் பரவாயில்லை என்று தம்பி சொல்கிறான்.

காட்டுக் கிளிகளும் எங்களிடம் வருகின்றன. வளவிலுள்ள கொய்யாமரத்தில் சில பழங்களை நாங்கள் பறிப்பதில்லை. பக்கத்துக் காணியில் பட்டுப்போன தென்னையொன்றை வெட்டவிருந்தார்கள். வீட்டுக்கு மேல் விழாத தூரம் என்பதால், வாப்பா போய்க் கதைத்து நிற்கவிடச் சொன்னார். இந்த வருடம் அதன் பொந்துக்குள் ஒரு சோடி போய்வருகிறது. தம்பி தினமும் பாடசாலையால் வந்ததும் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கிறான். கிட்டப் போவதில்லை.

"கிளிக்குஞ்சு எங்கே கிடைக்கும்?" என்று யாராவது உங்களிடம் கேட்டால், வீதியோரப் பெட்டியைக் காட்டாதீர்கள். பொரிக்கவைப்பவரின் வீட்டைக் காட்டுங்கள். பறவைக்கு வீடு தேடுபவரைக் காட்டுங்கள். இரண்டும் இல்லாவிட்டால், கொய்யாமரத்தில் நான்கு பழத்தை விட்டுவைக்கச் சொல்லுங்கள்.

க.பொ.த. உயர்தரம், உயிரியல் விஞ்ஞானப் பிரிவு மாணவி